வெள்ளயம்பலத்தைச் சுற்றிச் சுற்றி

பள்ளிக்கூடத்தின் நீலக் கேட் இடது பக்கம் வந்தது. ஜன்னலை உரசுவது போல ஓடியது. பின்னால் போய்விட்டது. கார் நிற்கவில்லை.

பின் சீட்டில் என் குழந்தைகள். எட்டு வயது வைஷ்ணவி, நான்கு வயது கண்ணன். இருவரும் சீருடையில், கழுத்தில் அடையாள அட்டையோடு, மடியில் புத்தகப் பையோடு. ஸ்டியரிங்கில் என் கணவர் சுரேஷ், பக்கத்தில் நான். நாங்கள் இருவரும் சாலையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தோம். சிரிப்பை அடக்கி அடக்கி எனக்குக் கன்னம் வலித்தது.

"அப்பா, ஸ்கூல் பின்னால போயிடுத்து," என்றான் கண்ணன்.

"அப்படியா? நடந்து போயிருக்கும்," என்றார் சுரேஷ்.

இந்த ஒரு நிமிஷத்துக்காக நான் வாரக்கணக்கில் உழைத்திருந்தேன். இனி நடக்க வேண்டியது இதுதான்: குழந்தைகள் விழிப்பார்கள். நான் என் காலடியிலிருந்த துணிப்பையைத் திறந்து இரண்டு கம்பளித் தொப்பிகளை நீட்டுவேன். "பொன்முடி!" என்று மலையின் பெயரை நாங்கள் கத்துவோம். பிறகு கார் முழுக்கக் கூச்சல்.

கூச்சல் வந்தது. ஆனால் நான் எதிர்பார்த்த கூச்சல் இல்லை.

"அப்பா, நிறுத்து! திருப்பு! அய்யோ அம்மா, வண்டியைத் திருப்பச் சொல்லு!"

வைஷு அழுதுகொண்டிருந்தாள்.

பலூன், தோசை, ஒரு துண்டு குறைந்த படம்

நான் மென்பொருள் சோதிப்பவள். மற்றவர்கள் எழுதியது எந்த இடத்தில் உடையும் என்று முன்கூட்டியே யோசித்து வரிசை போடுவதற்குத்தான் கழக்கூட்டத்தில் ஒரு கம்பெனியில் எனக்குச் சம்பளம் தருகிறார்கள். அந்தப் புத்தி வீட்டுக்கு வந்த பிறகும் போவதில்லை. குழந்தைகளை வெளியூருக்கு அழைத்துப் போவதைக்கூட நான் சும்மா சொல்லிவிட மாட்டேன். திடுக்கிட வைக்க வேண்டும். அதற்கென்று முறைகள் யோசித்து, ஒவ்வொன்றையும் சோதித்து வந்திருக்கிறேன். முடிவுகள் வருமாறு.

முதல் முறை, பலூன். உள்ளே "கன்னியாகுமரி" என்று எழுதிய துண்டுச் சீட்டு. உடைத்தால் விஷயம் தெரியும். கண்ணனுக்கு அப்போது இரண்டு வயது. பலூனை உடைக்கப் போகிறோம் என்றதும் அதைக் கட்டிக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய்விட்டான். கடைசியில் பலூனையும் காரில் ஏற்றிக்கொண்டு கன்னியாகுமரிக்குப் போனோம். முழுசாகவே திரும்பி வந்தது.

அடுத்தது தோசை. மாவால் எழுத்து எழுதி, தட்டில் வரிசையாக வைத்தால் ஊரின் பெயர் வரும். மூன்றாவது எழுத்தைச் சுடுவதற்குள் முதல் இரண்டையும் தின்றுவிட்டார்கள். "அம்மா, இன்னிக்கு என்ன இவ்வளவு குட்டி தோசை?" என்று ஒரு புகார் வேறு.

அதற்குப் பிறகு, யானை முகாமின் புகைப்படத்தைப் பெரிதாக எடுத்து, அட்டையில் ஒட்டி, துண்டுதுண்டாக வெட்டி வீடு முழுவதும் ஒளித்து வைத்தேன். எல்லாம் கிடைத்தது, யானையின் முகத்தைத் தவிர. பெரிய சாம்பல் நிற உடம்பைப் பார்த்து, "பாறை. ஏதோ பாறை பாக்கப் போறோம்," என்று வைஷு தீர்ப்புச் சொன்னாள். அன்று யானையைப் பார்த்தபோது இருவருக்கும் வந்த சந்தோஷத்தில் எனக்குப் பங்கே இல்லை. முகம் பிற்பாடு ஃப்ரிட்ஜுக்கு அடியில் கிடைத்தது.

ஆகவே, சீருடை மாட்டி, பள்ளி வழியே கிளம்பி, பள்ளியைத் தாண்டிப் போவது என்பது பல தோல்விகளுக்குப் பிறகு நான் கண்டுபிடித்த முறை. உடைக்க வேண்டியதில்லை. தின்ன முடியாது. தொலைந்து போக எந்தத் துண்டும் கிடையாது.

சாரதா மாமி கேட்காத கேள்வி

ஒரே சிக்கல், பெட்டி. ஸ்ரீவராகத்தில் எங்கள் வீடு நீளமாக இருக்கும், அகலம் கிடையாது. ஒருவர் தும்மினால் எல்லா அறைக்கும் கேட்கும். குழந்தைகளுக்குத் தெரியாத மூலை என்று அதில் ஒன்று கூட இல்லை. ஸ்வெட்டர், காலுறை, மாற்றுத் துணி எல்லாவற்றையும் ஒரு பையில் அடைத்து எதிர்வீட்டு சாரதா மாமியிடம் கொடுத்து வைத்தேன்.

எங்கள் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. வெளியே கிளம்புகிறவரிடம் 'எங்கே' என்று கேட்கக் கூடாது. கேட்டால் போகிற காரியம் நடக்காது. மாமி இதில் மிகவும் கண்டிப்பு. பால்காரர்கூட அவர் முன்னால் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை. ரகசியத்தை வைக்க இதைவிடப் பாதுகாப்பான இடம் உண்டா என்று நினைத்தேன்.

மறுநாள் காலையில் கோலம் போட்டுக்கொண்டே மாமி ஆரம்பித்தார்.

"நான் ஒண்ணும் கேக்கலை, கேட்டியோ. ஆனா பை ரொம்பக் கனம்."

"ஆமா மாமி."

"ஜிப் தானாவே தெறந்துண்டது. மூடலாம்னு பாத்தேன். கம்பளித் தொப்பி இருக்கு. நம்ம ஊர்ல கம்பளித் தொப்பி போட்டா மண்டை வெந்துடும்."

"ஆமா மாமி."

"மலையா இருந்தா வேணும்தான். நான் மலைன்னு சொல்லலை. பொதுவாச் சொல்றேன். மலையில ரெண்டு விதம் இருக்கு. அட்டை கடிக்கற மலை, கடிக்காத மலை. நீ தலையை மட்டும் ஆட்டு."

நான் தலையை ஆட்டவில்லை. மாமியின் முகம் வாடிப் போனது.

அதற்கடுத்த நாள் சுக்குக் காப்பிப் பொடி ஒரு பொட்டலம் வந்தது. அதற்கும் அடுத்த நாள் வாந்திக்கு எலுமிச்சம்பழம் வந்தது, "வளைவு ஜாஸ்தி இருந்தா" என்ற குறிப்போடு. கிளம்புகிற அன்று காலையில் பையோடு ஒரு தூக்குப் புளியோதரையும் சேர்ந்து கார் டிக்கிக்குள் போனது. தொப்பிகள் மட்டும் என் காலடிப் பைக்கு மாறின. மாமி வாசலில் நின்று, "கார்த்தால மழை இல்லை. மத்தியானம் பொன்முடிப் பக்கம் எப்படியோ," என்று வானத்தைப் பார்த்துச் சொன்னார். வாய் தவறிவிட்டது என்று உடனே தெரிந்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினார். குழந்தைகள் ஷூ நாடாவோடு போராடிக்கொண்டிருந்ததால் தப்பித்தோம்.

ஏன் சொல்லவில்லை

இவ்வளவு மறைப்பதற்கு வேறு காரணமும் இருந்தது.

பொன்முடிக்கு அதற்கு முன் இரண்டு முறை கிளம்பியிருந்தோம். கிளம்பியிருந்தோம் என்றால், சொல்லியிருந்தோம். பெட்டி கட்டியிருந்தோம். முதல் முறை அலுவலகத்தில் ஒரு மென்பொருள் வெளியீடு தள்ளிப்போய், சரியாக எங்கள் விடுமுறை மேல் வந்து விழுந்தது. இரண்டாவது முறை கிளம்புவதற்கு முந்தின நாள் மாலையில் அங்கே ஏதோ ஒரு சர்வர் நின்றுபோய், எல்லோரையும் கூப்பிட்டார்கள்.

முதல் முறை வைஷு அழுதாள். சண்டை போட்டாள். ஒரு நாள் முழுக்கப் பேசவில்லை. அதைச் சமாளிக்க முடிந்தது.

இரண்டாம் முறை அழவில்லை. தன் பையைத் திறந்து, துணிகளை எடுத்து, மடிப்புக் கலையாமல் அலமாரியில் திரும்ப வைத்தாள். "பரவாயில்லை அம்மா. ஆபீஸ்ல கூப்பிட்டா போகணும்தானே," என்றாள். அதைச் சமாளிக்க எனக்கு வழி தெரியவில்லை.

அதற்குப் பிறகு எந்த ஊரின் பெயரைச் சொன்னாலும் அவள் முகத்தில் ஒன்றும் நடக்காது. ஞாயிற்றுக்கிழமை சங்குமுகம் கடற்கரைக்குப் போகலாமா என்றால், "பாக்கலாம்," என்பாள், வங்கி மேலாளர் மாதிரி.

அதனால் இந்த முறை வாக்குக் கொடுப்பதே இல்லை என்று முடிவு செய்தேன். சொல்லிவிட்டுப் போகாமல் இருப்பதைவிட, போய்விட்டுச் சொல்லலாம். கார் பள்ளியைத் தாண்டும்போது பயணம் ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கும். அவள் நம்ப வேண்டிய அவசியமே இருக்காது.

ரவுண்டானாவில் பேச்சுவார்த்தை

இனி காருக்குத் திரும்பலாம். வழுதக்காட்டில் பள்ளியைத் தாண்டி, வெள்ளயம்பலம் ரவுண்டானா வரை வந்துவிட்டோம். வைஷு அழுகிறாள். எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல் சுரேஷ் ரவுண்டானாவைச் சுற்ற ஆரம்பித்தார்.

"வைஷு, நாம பொன்முடி போறோம்! லீவு! டூர்!" என்று நான் தொப்பியை ஆட்டினேன். கண்ணன் அதைப் பிடுங்கித் தலையில் மாட்டிக்கொண்டு, "டூர்!" என்று கத்தினான்.

"இன்னிக்கு வேண்டாம். நாளைக்குப் போலாம். இன்னிக்கு எனக்கு அசெம்பிளி!"

"அசெம்பிளி தினமும்தானே இருக்கு?"

"இன்னிக்கு வார்த்த வாயிக்கறது நான்!"

இங்குள்ள பள்ளிகளில் காலைக் கூட்டத்தில் ஒரு பிள்ளை மைக்கில் அன்றைய செய்திகளை மலையாளத்தில் வாசிக்கும். வகுப்புக்கு ஒரு முறை வரும், வகுப்பில் ஒருவருக்குத்தான் கிடைக்கும். என் மகளுக்குக் கிடைத்திருந்தது. அது எனக்குத் தெரியாது. இரண்டு நாளாகக் குளியலறையில் ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். பாட்டு என்று நினைத்தேன்.

"டீச்சர்ட்ட நான் பேசிக்கறேன், வேற நாள் தருவா," என்ற சுரேஷ், உடனே குரலைத் தாழ்த்தினார். "அதுல ஒரு சின்ன சிக்கல் இருக்கு."

"என்ன?"

"கார்த்தால கிளாஸ் குரூப்ல மெசேஜ் போட்டுட்டேன். ரெண்டு பேருக்கும் காய்ச்சல்னு."

"குடும்ப விஷயம்னு போடுங்கோன்னு சொன்னேனே!"

"குடும்ப விஷயம்னா என்ன விஷயம்னு கேப்பா. காய்ச்சல்னா யாரும் கேக்க மாட்டா."

"எனக்குக் காய்ச்சலா?" கண்ணன் தொப்பியை உயர்த்தி நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். "ஆமா. சூடா இருக்கு."

இரண்டாம் சுற்று முடிந்தது. நடுவில் நின்ற போக்குவரத்துக் காவலர் எங்கள் காரை அடையாளம் கண்டுகொண்டார். தலையைச் சாய்த்துப் பார்த்தார். சுரேஷ் அவருக்கு ஒரு புன்னகையைக் கொடுத்துவிட்டு மறுபடி சுற்றினார்.

"இப்ப திரும்பினா லேட்டாயிடும். வழியில நெடுமங்காட்டுல டிராஃபிக் ஏறிடும். மெசேஜ் வேற போட்டாச்சு. எந்த முகத்தோட போய் நிக்கறது?" என்றார். எல்லாம் நியாயமான காரணங்கள். நானே வரிசை போட்டிருந்தாலும் அதே வரிசைதான் வந்திருக்கும். எத்தனையோ நாள் கெஞ்சி வாங்கிய விடுப்பு. மலைமேல் தங்க ஒரு அறையும் சொல்லியாகிவிட்டது.

பின்னால் அழுகை நின்றது. வைஷு மூக்கைச் சீருடைக் கையில் துடைத்தாள்.

"பரவாயில்லை அம்மா," என்றாள். "போலாம்."

அலமாரிக்குத் துணி திரும்பிப் போன அன்று கேட்ட அதே குரல். இந்த முறை அலுவலகம் கூப்பிடவில்லை. நான்தான், கம்பளித் தொப்பியோடு.

"திருப்புங்கோ," என்றேன்.

"எங்க?"

"ஸ்கூலுக்கு. வேகமா!"

"இன்னொரு ரவுண்டு!" என்று கண்ணன் குதித்தான். அவனைப் பொறுத்தவரை டூர் அமோகமாக நடந்துகொண்டிருந்தது.

ரவுண்டானாவை விட்டு வெளியே வந்து பள்ளியை நோக்கிப் போகும்போது கேட்டேன். "ஏண்டீ, என்கிட்ட சொல்லவே இல்லை?"

அவள் தலைப்பின்னலைச் சரி செய்துகொண்டிருந்தாள். "சொன்னா நீ வரேன்னு சொல்லுவே."

"வந்திருப்பேனே?"

"அப்பறம் ஆபீஸ்ல கூப்பிடுவா. நீ பாவம், வர முடியாது. அதான் முடிஞ்சப்பறம் சொல்லலாம்னு இருந்தேன்."

நான் பொன்முடியை வைத்துச் செய்ததையேதான் அவளும் செய்திருந்தாள். சுரேஷ் என் கையில் மெல்லத் தட்டிக்கொடுத்துவிட்டு கியரை மாற்றினார்.

மைக்கில் ஒரு மூச்சு

கேட் பாதி மூடியிருந்தது. "மோளே, பெல்லடிச்சு! ஓடிக்கோ!" என்றார் காவலாளிச் சேட்டன். வைஷு காரிலிருந்து குதித்து ஓடினாள். பத்தடி போய்த் திரும்பி, "நீ உள்ள வரப்படாது! உன்னைப் பாத்தா சிரிச்சுடுவேன்!" என்று என்னிடம் கத்திவிட்டு மறைந்தாள்.

நாங்கள் மதிலோரமாக நின்றோம். சுரேஷ், நான், என் இடுப்பில் கம்பளித் தொப்பி மாட்டிய கண்ணன். சேட்டன் அந்தத் தொப்பியையே பார்த்தார். வியர்த்து வழிகிற காலை அது.

உள்ளே பிரார்த்தனை முடிந்தது. உறுதிமொழி முடிந்தது. ஒலிபெருக்கியில் டீச்சரின் குரல், செய்தி வாசிக்க யாரையோ அழைத்தது. பெயர் வைஷ்ணவி இல்லை. காய்ச்சல் என்று மெசேஜ் வந்தால் வேறு பிள்ளையை ஏற்பாடு செய்யத்தானே செய்வார்கள். நான் சுரேஷைப் பார்த்தேன். அவர் மதிலைப் பார்த்தார்.

மைக்கில் சரசரவென்று சத்தம். ஏதோ குசுகுசுப்பு. யாரோ ஓடுகிற காலடி. பிறகு ஒரு மூச்சு, ஓடி வந்த மூச்சு, மூக்கு அடைத்த மூச்சு.

அந்த மூச்சை எனக்குத் தெரியும்.

"இன்னத்தெ பிரதான வார்த்தகள்," என்றாள் என் மகள்.

எவ்வளவு பெரிய குரல்! வீட்டில் தண்ணீர் கேட்கக்கூட இவ்வளவு குரல் வராது. சட்டசபை, பஸ் கட்டணம், எங்கோ நடந்த பந்தயம் என்று ஒவ்வொன்றாக, நிறுத்தி, நிதானமாக, அன்றைய உலகமே அவள் பொறுப்பு என்பது போல வாசித்தாள். நான் மதிலில் கை வைத்துக்கொண்டு பல்லெல்லாம் தெரியச் சிரித்தேன். கண்ணிலிருந்து தண்ணீர் வேறு வந்தது. சேட்டன் நாகரிகமாக முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கடைசியில் வானிலை. "மலையோர மேகலகளில் இன்னு மழைக்கு சாத்யத." மலைப் பக்கம் இன்று மழை வரலாமாம்.

"கேட்டியோ," என்றார் சுரேஷ், "நம்ம மலையைத்தான் சொல்றா."

அவ்வளவுதான். மதிலைப் பிடித்துக்கொண்டு இருவரும் சிரித்த சிரிப்பில் கண்ணனைக் கீழே இறக்கிவிட வேண்டியதாயிற்று.

கூட்டம் கலைந்ததும் டீச்சரே வைஷுவைக் கையில் பிடித்துக்கொண்டு கேட்டுக்கு வந்தார்.

"ரெண்டு பேர்க்கும் சுகமில்லென்னல்லே மெசேஜ்?"

சுரேஷ் தொண்டையைக் கனைத்தார். கண்ணன் முந்திக்கொண்டு நெற்றியை நீட்டினான். "டீச்சரே, எனக்குக் காய்ச்சல். தொட்டுப் பாத்துக்கோ."

டீச்சர் தொட்டுப் பார்த்தார். தொப்பியைப் பார்த்தார். சுரேஷின் முகத்தைப் பார்த்தார். "பொன்முடியோ, மூணாறோ?"

"பொன்முடி," என்றேன். வேறு என்ன சொல்ல?

"அடுத்த தவண லீவ் என்னு மாத்ரம் எழுதியால் மதி," என்றார். லீவ் என்று மட்டும் எழுதினால் போதுமாம். அவளுக்குப் பதிலாக ஏற்பாடு செய்த பிள்ளை பயத்தில் வெளுத்துப்போய் இருந்ததாகவும், வைஷு ஓடி வந்ததைப் பார்த்ததும் காகிதத்தை அவள் கையில் திணித்துவிட்டு ஓட்டம் பிடித்ததாகவும் சொல்லிச் சிரித்தார். "காய்ச்சல் வேகம் மாறட்டே," என்று, சீக்கிரம் குணமாகும்படி சுரேஷை வாழ்த்திவிட்டு உள்ளே போனார்.

மேகத்துக்குள்

அதற்கப்புறம் அந்தக் காரில் யாருக்கும் தலை கால் புரியவில்லை. நெடுமங்காட்டில் டிராஃபிக் ஏறித்தான் இருந்தது. யார் கவலைப்பட்டார்கள்? மலையடிவாரத்தில், கல்லாற்றில் ஒரு கடையில் நிறுத்தி, சூடான பழம்பொரி, அதாவது வாழைப்பழ பஜ்ஜி, தின்றோம். குழந்தைகள் சீருடையைக் கழற்ற மாட்டேன் என்றார்கள். அதன் மேலேயே ஸ்வெட்டர் ஏறியது.

கல்லாற்றுக்கு மேலே கொண்டை ஊசி வளைவுகள் தொடங்கியதும் வைஷு எலுமிச்சம்பழத்தை மைக்காகப் பிடித்துக்கொண்டாள். ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு செய்தி.

"பிரதான வார்த்தகள்! அப்பா பொய் மெசேஜ் போட்டு மாட்டிக்கொண்டார். அம்மா மதிலில் அழுததாகச் சேட்டன் தெரிவித்தார்."

"நான் அழலை!"

"அம்மா மறுத்தார். வானிலை. அடுத்த வளைவில் கண்ணன் வாந்தி எடுக்க சாத்யத."

எடுத்தான். கணிப்பு துல்லியம். சுரேஷ் வண்டியை ஓரம் கட்டினார். தேயிலைச் செடிகளுக்கு நடுவில் கண்ணனின் முகத்தைக் கழுவிவிட்டேன். அவன் உடனே நிமிர்ந்து, "நியூஸ்ல சொன்ன மாதிரியே வந்துடுத்து!" என்று பெருமையோடு சொன்னான்.

மேலே போய்ச் சேர்ந்தபோது பொன்முடி இல்லை. மலை இல்லை, பள்ளத்தாக்கு இல்லை, நாங்கள் இறங்கிய கார்கூட நாலடியில் காணாமல் போனது. எல்லாம் ஒரே மேகம். நன்றாக நனைத்தது. மூக்கு நுனியில் குளிர்ந்தது. காட்சி பார்க்க வந்த இடத்தில் கண்ணனின் சிவப்புத் தொப்பி ஒன்றுதான் காட்சி. அது தோன்றும், மறையும், "நான் இங்கே இல்லை!" என்று கத்தும். சுரேஷ் அதைத் துரத்திக்கொண்டு போனார்.

வைஷு என் பக்கத்தில் நின்றாள். புருவத்தில் பொடிப்பொடியாக நீர் பூத்திருந்தது. கையை என் ஸ்வெட்டர் பைக்குள் விட்டுக்கொண்டாள்.

"அம்மா, அடுத்த மாசம் எங்க கிளாஸ் நாடகம் இருக்கு."

"அப்படியா? நீ யாரு?"

"மரம். ஒண்ணும் பேச வேண்டாம். கையைத் தூக்கிண்டு நிக்கணும். நடுவுல காத்தடிக்கும், அப்ப மட்டும் ஆடலாம்." புருவத்து நீரைத் துடைத்துக்கொண்டாள். "பேரன்ட்ஸ் வரலாம்."

வந்துவிடுகிறேன் என்று வாய் வரைக்கும் வந்தது. நிறுத்திக்கொண்டேன்.

"வரேன்னு சொல்லட்டுமா?" என்று கேட்டேன்.

அவள் மேகத்தைப் பார்த்து யோசித்தாள். கண்ணனின் தொப்பி ஒரு முறை தெரிந்து மறைகிற வரை யோசித்தாள்.

"சொல்லு," என்றாள்.

சொன்னேன்.